கீழக்குயில்குடியா, அரிட்டாபட்டியா, கண்மாய்க் கரையா: பிள்ளைகளோடு மண்பாதையில் சைக்கிள் ஓட்ட எது தோது?

மகனுக்குப் பன்னிரண்டு வயசு, மகளுக்கு எட்டு. இருவரையும் தார் ரோட்டை விட்டு இறக்கி மண்ணில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்று போன மார்கழியில் இடம் தேட ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் ஞாயிறு விடிந்தால் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிதான்.

அழகு என்று பார்த்தால் அரிட்டாபட்டிக்கு ஈடு கிடையாது. மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். குன்றுகள், சுனைகள், வல்லூறுகள் என்று 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். நான் அங்கே ஓட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் தனியாக. நான் போன பாதையில் சரளையும் பாறை மேடும் மாறி மாறி வந்தன. எனக்குச் சுகமாக இருந்தது. கியர் இல்லாத 20 இஞ்சு சைக்கிளில் மகள் திணறிவிடுவாள்.

எங்கள் வீட்டுப் பக்கத்துக் கண்மாய்க் கரை சமதளம். சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கட்டுகிற வேலையும் இல்லை. முதல் இரண்டு மாதம் அங்கேதான் ஓட்டினோம். இடத்தை மாற்ற வைத்தது முள்.

சீமைக் கருவேல முள் பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெட்டிப் போட்டுக் காய்ந்துவிட்டால் ஆணிதான். கரையில் விறகுக்கு வெட்டிய இடமெல்லாம் அது சிதறிக் கிடந்தது. மாசி பிறந்ததும் காய்ந்த நெருஞ்சியும் சேர்ந்துகொண்டது. ஒரு காலையில் மகளின் பின் டயரில் மட்டும் நான்கு முள் எடுத்தேன். டியூபுக்குப் பேட்ச் ஒட்டி மாட்டிய கால் மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கியது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டினால், வெளியே ஒடிந்த முள்ளின் நுனி ரப்பருக்குள் அரிசி முனை அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை நகவெட்டியால் பிடுங்காமல் எத்தனை பேட்ச் ஒட்டினாலும் வீண். அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிள்ளை அடுத்த வாரம் வரமாட்டேன் என்றுவிட்டாள். புதிதாக ஓட்டுகிறவர்களை மேட்டை விட பஞ்சர்தான் விரட்டுகிறது.

கீழக்குயில்குடியில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பிரிந்தால் சமணர் மலை அடிவாரம். அய்யனார் கோயில், ஆலமர நிழல், தாமரைக்குளம். ஆள் நடமாட்டம் உள்ள தடம் என்பதால் மண் இறுகி, முள் ஒதுங்கிக் கிடக்கிறது. தடத்தை விட்டு ஓரம் ஒதுங்கினால் இங்கேயும் குத்தும். நான்கு மாதத்தில் மூன்று சைக்கிளுக்கும் சேர்த்து இரண்டே பஞ்சர். மழைக்காலத்தில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

மகன் களைக்காவிட்டால் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படியேறி செட்டிப்புடவு என்கிற குகையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருவோம். பாறையில் சைக்கிளை ஏற்றக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட சின்னம். கோயில் முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் பாறைச் சூடு தாங்காது. பம்பு, பேட்ச், ஒரு டியூப், நகவெட்டி நான்கும் பையில் இருக்கட்டும்.