காசா, கார்ட்டா, தவணையா? முழு விலை எதில் தெரிகிறது

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை எடுக்கப் போனாலும் சரி, ஸ்டான்லி வீதியில் குளிர்சாதனப் பெட்டி பார்க்கப் போனாலும் சரி, ஒரே பொருளுக்குப் பல விலை சொல்லும் கடைகள் இருக்கின்றன. காசுக்கு ஒன்று, கடனட்டைக்கு ஒன்று, தவணைக்கு இன்னொன்று. எது மலிவு என்று பிறகு பார்க்கலாம். கையை விட்டுப் பணம் போகுமுன் முழுத் தொகையும் எதில் தெரிகிறது என்று முதலில் பார்ப்போம்.

காசைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேரம் பேசலாம், கழிவு கேட்கலாம், சொன்ன விலைதான் கொடுத்த விலை. பற்றுச்சீட்டு மட்டும் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. விலையை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

கடனட்டையில்தான் இழுபறி. "அக்கா, கார்ட் எண்டால் மூண்டு வீதம் கூட வரும்." பில் போட்டு, மெஷினைக் கையில் எடுத்த பிறகுதான் பல இடங்களில் இந்த வசனம் வரும். வங்கி கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கிறது என்பது உண்மைதான். தங்கத்தில் இலாபம் குறைவு, அதில் 3 வீதம் போனால் நகைக்கடைக்காரருக்கு வலிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பது மெஷின் கொடுத்த வங்கியோடு கடை செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உள்ளது. மத்திய வங்கியும் இதையே சொல்லியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 4 இலட்சம் ரூபாய் நகைக்கு 3 வீதம் என்றால் 12,000 ரூபாய். வங்கி தரும் ஐம்பது நாள் வட்டியில்லாக் காலத்துக்காகத்தானே கார்ட்டை நீட்டுகிறோம்? அந்த ஐம்பது நாளுக்கு 3 வீதம் கொடுத்தால், ஆண்டுக் கணக்கில் அது 22 வீத வட்டிக்குச் சமம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு விதித்த உச்சவரம்பே 28 வீதம்தான்.

அப்படிக் கேட்கும் கடையில் நான் ஒன்று மட்டும் கேட்பேன்: "அந்த மூண்டு வீதத்தைப் பில்லிலை தனியா எழுதித் தாங்கோ." எழுதித் தந்தால் முறைப்பாட்டுக்கு ஆதாரம் கையில். எழுத மறுத்தால் பெரும்பாலும் கூட்டியதை விட்டுவிடுவார்கள், அல்லது "அப்ப காசா தாங்கோ" என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் விலை தெளிவாகிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த 3 வீதத்தை விடச் சிக்கலானது "வட்டியில்லாத் தவணை". 3 வீதத்தையாவது வாய் திறந்து சொல்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, 2 இலட்சம் ரூபாய் குளிர்சாதனப் பெட்டியைக் காசுக்கு 184,000க்குத் தருகிறார்கள் என்று வையுங்கள். பன்னிரண்டு மாதத் தவணைக்கு அந்தக் கழிவு கிடையாது, மாதம் 16,667 ரூபாய் கட்ட வேண்டும். பலகையில் பூச்சிய வீதம் என்று பெரிதாக எழுதியிருக்கும். உண்மையில் நீங்கள் 184,000 ரூபாயைக் கடனாக எடுத்து 16,000 ரூபாய் கூடக் கட்டுகிறீர்கள். மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு போவதால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 வீத வட்டி. வங்கி கையாளும் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் அது இன்னும் ஏறும். தவணைக்கு ஒப்புக்கொள்ளுமுன் கேட்க வேண்டிய கேள்வி, "காசென்றால் என்ன விலை?" அந்த விலையைச் சொல்லாத கடையில் தவணை எடுக்க வேண்டாம்.

16 வீதம் அநியாயமா? அவசரமாகத் தேவை, கையில் காசில்லை என்றால் அநியாயமில்லை. தெரிந்து எடுப்பதற்கும் பூச்சியம் என்று நம்பி எடுப்பதற்கும் இடையில்தான் பிரச்சினை. நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளின்படி, கட்டணங்களையும் நிபந்தனைகளையும் வங்கி முன்கூட்டியே விளங்கும்படி சொல்ல வேண்டும். தமிழில் கேட்டு வாங்கலாம். ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

கடையில் வைத்திருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் லங்கா கியூஆர், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. தொகையைப் பார்த்து, நீங்களே அனுமதி கொடுத்துத்தான் பணம் போகும். கடைக்கும் செலவு குறைவு. ஆனால் பணம் உங்கள் கணக்கிலிருந்து உடனே போய்விடும், கடன் வசதி இல்லை. பொருள் வந்து சேராவிட்டால் வங்கியிடம் சர்ச்சை எழுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதியில் கடனட்டைதான் பலமானது. அதனால் நகைக்குக் கியூஆர் அல்லது காசு, முன்பணம் கட்டி ஓடர் கொடுக்கும் பொருளுக்குக் கடனட்டை என்பது என் தெரிவு. கடனட்டைப் பில்லை முழுதாக நாள் தவறாமல் கட்டுபவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

முறைப்பாட்டுக்கு: விலை, பற்றுச்சீட்டு, ஏமாற்று விளம்பரம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. வங்கி சம்பந்தமானது என்றால் முதலில் அந்த வங்கி, தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935. கார்ட்டுக்குக் கூட்டிக் கேட்ட கடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் மெஷினுக்குரிய வங்கி. மெஷினிலிருந்து வரும் துண்டில் அதன் பெயர் இருக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவுகளுக்கு இன்னொன்று. உங்கள் ஊர்க் கார்ட்டைப் போட்டதும் "டொலரிலா, ரூபாயிலா?" என்று மெஷின் கேட்கலாம். டொலர் பழகிய கணக்கு, விளங்கும் என்று அதை அழுத்தினால், மாற்றுவீதத்தில் நாலைந்து வீதம் கூடப் போக வாய்ப்புண்டு. அந்தத் தெரிவு உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. அவர் உங்களிடம் கேட்காமல் டொலரை அழுத்தியிருந்தால், துண்டில் கையெழுத்துப் போடுமுன் அதை இரத்துச் செய்து ரூபாயில் மறுபடி போடச் சொல்லுங்கள்.