பிமோட்டா டிபி1: எட்டு ஆண்டு ஓட்டத்துக்குப் பின்

டிபி1 என்பது இத்தாலியின் பிமோட்டா நிறுவனம் செய்த மோட்டார்சைக்கிள். 1986இல் தயாரான என் வண்டியை, இத்தாலியின் பொலோனியா நகரில் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, பழைய வண்டியாக வாங்கினேன். எட்டு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் ஃபூட்டா கணவாய்க்குப் போய்வருகிறேன்.

எஞ்சின் டுகாட்டியுடையது, 750 சிசி. "அப்படியானால் பிமோட்டா என்னதான் செய்தது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் எலும்புக்கூடான சட்டகத்தைச் செய்தது. அந்த நிறுவனம் மோட்டார்சைக்கிள் தொழிலுக்கு வந்ததே அதற்காகத்தான். ரிமினியில் வெப்பமூட்டும் குழாய்கள் பொருத்தும் தொழிலில் இருந்த மாசிமோ தம்புரினி, 1972இல் மிசானோ பந்தயத் தடத்தில் ஹோண்டா 750 ஓட்டி விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். பிறகு அந்த எஞ்சினுக்குத் தம் கையாலேயே புதிய சட்டகம் கட்டினார். அதுதான் எச்பி1. முதல் எழுத்து எஞ்சின் தந்தவருக்கு, இரண்டாவது பிமோட்டாவுக்கு. பியாங்கி, மோரி, தம்புரினி என்ற மூன்று கூட்டாளிகளின் பெயர்த் தொடக்கங்களைச் சேர்த்ததே பிமோட்டா.

1980இல் ஜான் எக்கரோல்ட், தொழிற்சாலை அணி எதன் ஆதரவும் இல்லாமல், பிமோட்டா சட்டகத்தில் யமஹா எஞ்சின் வைத்து 350 சிசி உலகப் பட்டம் வென்றார். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் வெற்றி அது. தம்புரினி விலகிய பின் நிறுவனம் தள்ளாடியது. 1985இல் ஃபெடெரிகோ மார்ட்டினி வடிவமைத்த டிபி1தான் அதைத் தூக்கி நிறுத்தியது.

ஓட்டும்போது இந்த வரலாறு கைக்குத் தெரிகிறது. குட்டையான நேர்க்குழாய்களை முக்கோணங்களாக இணைத்த சட்டகம், ஒட்டுப்போட்ட மலைச்சாலையின் வளைவிலும் பிடித்த பாதையிலிருந்து விலகுவதில்லை. பதினாறு அங்குலச் சக்கரங்கள் நினைத்த மாத்திரத்தில் திரும்புகின்றன. நகர நெரிசலில் மணிக்கட்டு வலிக்கும். அங்கே நான் எடுத்துப்போவதில்லை.

பராமரிப்பில் டயர்தான் பெரும்பாடு. அந்த அளவில் நல்லது கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது. தேய்வதற்கு முன்பே சொல்லிவைக்கிறேன். ஒருமுறை ஒரு பட்டறையில் எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள். கீச்சுச் சத்தம் கேட்டதும் பாதி வழியில் நிறுத்தினேன். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நானே மாற்றுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்க வேண்டாம். எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடிப்பிடிக்கலாம். முழு உடல் மூடியையும் கழற்றச் சொல்லி, கையில் விளக்கோடு ஒவ்வொரு பற்றவைப்பையும் பாருங்கள். விழுந்து வளைந்த சட்டகமாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.