முயலில் தெள்ளு: துளி மருந்தா, சீப்பும் மண்வெட்டியுமா?

போன மாசியில் முயல்களுக்குப் புல் போட்டுவிட்டு வந்த மகளின் கணுக்கால் இரண்டும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தன. நுளம்பு என்றுதான் நான் நினைத்தேன். "நுளம்பு இப்பிடி காலைச் சுத்தி வரிசையாக் கடிக்குமே? இது தெள்ளு" என்றார் மாமி. முயலின் முதுகு மயிரை எதிர்ப்பக்கமாக ஊதிப் பார்த்தால், மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கறுப்புப் பொட்டுகள். வெள்ளைக் கடதாசியை நனைத்து அதில் கொஞ்சம் தட்டினேன். பொட்டுகளைச் சுற்றித் துரு நிறம் பரவியது. வெறும் ஊத்தை என்றால் அப்படி நிறம் விடாது. அது தெள்ளின் எச்சம். முயலிடம் குடித்த இரத்தம் அரைகுறையாகச் செரித்துக் கழிந்தது.

முயல் மடியில் ஏறியதால் வந்த கடி என்றால் கையிலும் தொடையிலும் அல்லவா கடித்திருக்க வேண்டும்? ஏன் கணுக்காலில் மட்டும்? இந்தக் கேள்வி அன்றைக்கே மண்டையில் உதித்திருந்தால் கொஞ்சக் காசு மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீடு வன்னியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. மூன்று முயல்: இரண்டு பெட்டை, ஒரு கடுவன். ஒரு பெட்டை ஐந்து குட்டி போட்டு அப்போது 12 நாள். வளவில் சீசர் என்று ஒரு நாய், அயலட்டையில் கணக்கில்லாப் பூனைகள். முயலுக்கென்றே ஒரு தெள்ளு இனம் ஐரோப்பாவில் உண்டு. நம் வீட்டு முயலில் ஏறுவது பெரும்பாலும் நாயிலும் பூனையிலும் இருக்கிற அதே தெள்ளுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சீப்பு, மண்வெட்டிக் கட்சி: தெள்ளைச் சீவி எடுத்து, கூட்டடி மண்ணையும் கொத்தி அள்ளுவது. பிடரித் தோலில் துளியாக விடுகிற துளி மருந்தும் போட்டேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி என்றால் எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்டவுடன் தள்ளிவிட வேண்டியவை சில இருக்கின்றன. ஒன்று, குளிப்பாட்டுவது. மச்சாள் வீட்டில் சவர்க்காரம் போட்டு வாளிக்குள் இறக்கியதில் முயல் உதறி உதறி, கடைசியில் பின்னங்கால் இரண்டும் இழுபட்டுப் போனது. முயலின் பின்னங்காலுக்கு இருக்கிற பலத்தை அதன் முதுகெலும்பே தாங்காது. பயத்தில் உதைத்தால் தானே தன் முதுகை முறித்துக்கொள்ளும்.

இரண்டு, நாய்க்குப் போடும் மருந்து. ஒரு கடையில் துளி மருந்துப் பெட்டியை எடுத்து நீட்டினார்கள். "நாய்க்குப் போடுறதுதான், முயலெண்டா கொஞ்சம் குறைச்சு விடுங்கோ." திருப்பி வாசித்தேன், ஃபிப்ரோனில். ஃபுரொன்ட்லைன் என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் வருகிற மருந்து. நாய்க்கு நல்லதுதான். முயலுக்குப் பட்டால் சாப்பாடு நிற்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். குறைத்து விட்டாலும் கூட்டி விட்டாலும் முயலுக்கு அது ஆகாது. கழுத்துப் பட்டி, நாய்க்குத் தூவும் மா எல்லாம் இதே கணக்கில் வையுங்கள். தன்னையும் பக்கத்தில் இருப்பதையும் நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கிற பிராணியின் மேல் எதைத் தூவினாலும் அது வயிற்றுக்குள்தான் போகும்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொன்னது ஐவமெக்டின் ஊசி. எங்கள் பக்கத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். காதுக்குள் பொருக்குக் கட்டுகிற சொறிக்கு, வைத்தியர் அளவு சொல்லிப் போட்டால், அருமையான மருந்து. எங்கள் கடுவனுக்கு முந்தின வருடம் அப்படித்தான் மாறியது. ஆனால் சொறி என்பது உண்ணிச் சாதிப் பூச்சியால் வருவது. தெள்ளு வேறு சாதி. சாதாரண அளவில் அந்த ஊசி தெள்ளை ஒன்றும் செய்யாது. "ஊசி போட்டும் போகேல்ல" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள்.

வேப்பம் புகை, நொச்சிப் புகை மாமியின் யோசனை. மாட்டுக் கொட்டிலுக்கு அது சரி. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி, புகை அதற்கு ஆகாது. வேப்பெண்ணெய் பூசினால் நக்கும். மாமியின் மனம் நோகாமல் வேப்பிலையைக் கூட்டுக்குக் கீழே பரப்பினோம். கெடுதல் இல்லை, பலனும் நான் காணவில்லை.

மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு.

துளி மருந்துக்கு மிருக வைத்தியரிடம் போனேன். டொக்டர் எழுதித் தந்தது செலமெக்டின். நாய்க்கும் பூனைக்கும் என்று விற்கப்படுவது. முயலுக்கு வைத்தியர் தன் பொறுப்பில் எழுதித் தருவார். உடனே கையில் கிடைக்கவில்லை, வவுனியாவில் சொல்லிவைத்து எடுத்தோம். நிறைக்கு ஏற்ற அளவு என்பதால் முயலை உரப்பைக்குள் விட்டு, மீன்காரரின் தொங்கு தராசில் நிறுத்தோம். (முயலைவிட மீன்காரர்தான் கூடப் பயந்தார்.) பிடரி மயிரைப் பிரித்து, நக்கினாலும் எட்டாத இடத்தில், தோலில் படும்படி விட வேண்டும். ஒன்றை ஒன்று நக்காதபடி, காயும் வரைக்கும் தனித்தனியாக விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அடுத்த நாளே தெள்ளுகள் செத்து விழுந்தன. இந்தச் சுகத்தைச் சீப்பு தராது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் கணக்கு இடித்தது. பூனைக்கு ஒரு தடவை போட்டால் மாதம் முழுக்க நிற்கும் மருந்து முயலின் உடம்பில் நிற்காது. முயல் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். பிரித்தானியாவில் வீட்டு முயலுக்கென்றே அனுமதி பெற்ற இமிடாக்ளோப்ரிட் துளிக்கும் இதே கதைதான்: பூனைக்கு மூன்று நான்கு கிழமை, முயலுக்கு ஒரு கிழமை. அந்த மருந்தை 10 கிழமைக்குக் குறைந்த குட்டிக்கும் இறைச்சிக்கு வளர்க்கும் முயலுக்கும் போடவே கூடாது. எங்கள் டொக்டரும் கிழமைக்கு ஒரு தரம் என்றுதான் சொன்னார். மாதத்துக்கு மூன்று துளி என்று நினைத்துப் போனவன், மூன்று முயலுக்கு 12 துளி என்று திரும்பி வந்தேன். அதுவும் குட்டிகளை விட்டுவிட்டு.

சரி, ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டால் முடிந்துவிடுமா? அங்கேதான் மூன்றாம் கிழமை வருகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை மூன்றாம் கிழமையில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது, உப்புக் கல் மாதிரி உருண்டு கீழே விழும். விழுந்த இடத்தில் புழுவாகும். புழுவுக்குச் சாப்பாடு, அந்த மிளகுத்தூள் எச்சம். அதுவும் கூடவே கீழே விழுகிறது. பிறகு புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, மண் துகளை ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் லேசில் போகாது. நடமாட்ட அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே பாயும்; படாவிட்டால் மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தெள்ளு நூற்றுக்கு ஐந்து, மிச்சம் 95 முட்டையும் புழுவும் கூடுமாகச் சுற்றாடலில் என்று வழக்கமாகச் சொல்வார்கள். முயலில் இருக்கிற ஐந்தைக் கொன்றுவிட்டு நாங்கள் நிம்மதியாக இருக்க, கீழே கிடந்த கூடுகள் மூன்றாம் கிழமை வாக்கில் விரியும். நாங்கள் மருந்தைத் திட்டுவோம்.

எங்கள் வீட்டில் அந்தக் கீழ் எது? முயல் கூடு பனஞ்சலாகையும் கம்பிவலையும் வைத்து அடித்தது, மேலே கிடுகு. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம்தான். வன்னி வெயில் தெரியும்தானே. மாரி முடிந்து தை, மாசிக்குள் வளவு மண் காய்ந்து பொருக்கு வெடித்துவிடும். தெள்ளுப் புழு வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் தப்பாது. முழு வளவிலும் அதற்கு வாழ இடமே இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. முயல் மூத்திரம் விழுந்து ஈரமாக, கிடுகு நிழலில் இருட்டாக, குளிர்மையாக இருந்தது கூட்டின் அடி. வெக்கைக்கு அந்த இடத்தைக் கண்டுபிடித்து, குழி தோண்டிப் படுத்துக்கொண்டது சீசர். மேலே முயல், கீழே நாய், நடுவில் ஒன்றரை அடி. பூனைத் தெள்ளு மிஞ்சினால் ஒரு சாண் உயரம் துள்ளும். கூட்டின் காலிலும் தொங்குகிற வைக்கோலிலும் ஏறினால் மிச்சத் தூரமும் முடிந்தது. மகள் புல் போட நிற்கிற இடமும் அதுவேதான். கணுக்கால்!

அன்றைக்குத்தான் மண்வெட்டியை எடுத்தேன். கூட்டை வளவின் அடுத்த மூலைக்கு நகர்த்தினோம். பழைய அடிமண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி அள்ளி, வெட்டவெளியில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் விட்டோம். வைக்கோலைக் கொளுத்தினோம். முயல்களை வெளியே எடுத்துவிட்டுச் சலாகை இடுக்குகளில் கொதிதண்ணீர் ஊற்றினோம். கூட்டின் காலை மூன்றடிக்கு உயர்த்தி, நாய் அடியில் போகாதபடி சுற்றிவர வலை அடித்தோம். வைக்கோலை ஐந்து நாளுக்கு ஒருமுறை முழுக்க மாற்றினோம். வன்னியில் வைக்கோலுக்கா பஞ்சம்? குட்டிப் பெட்டியில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். தாய் தன் மடி மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்தது, தெள்ளு முட்டையும் அதற்குள்தான். நல்லகாலம், குட்டிகளுக்கு மயிர் வளர்ந்து கண் திறக்கிற பருவம். பழைய மெத்தையைக் கழித்துப் புது வைக்கோலுக்கு மாற்றினோம்.

சீசருக்கு டொக்டர் சொன்னபடி மாதம் ஒரு குளிசை. இதை யார் விட்டாலும் மற்ற எல்லா வேலையும் வீண்.

சீப்பு, சாதாரணப் பேன்சீப்புத்தான். துவாயை மடியில் விரித்து, முயலைக் கண்மறைவாக அணைத்துக்கொண்டு, பிடரி, காதடி, வாலடி மூன்று இடமும் தினமும். சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பை பக்கத்தில். சீப்பை முக்கினால் தெள்ளு துள்ளாமல் தாழும். மயிர் சிக்கினால் இழுக்க வேண்டாம், முயலின் தோல் கிழியும். முதல் நாள் ஒரு முயலில் மட்டும் 30க்கு மேல் எண்ணினோம். மகளுக்கு அது விளையாட்டு மாதிரி ஆகி, கொப்பியில் குறிக்கத் தொடங்கிவிட்டாள்.

மூன்றாம் கிழமை வந்தது. சீப்பில் நான்கு, ஐந்து. பிறகு ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. நிலத்தைப் பார்க்க மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு பழைய இடத்தில் பத்து நிமிடம் உலாத்தினேன். இருந்தால் காலுறையில் கறுப்பாகத் தெரியும். சுத்தம்.

இதில் ஒரு நேர்மைக் கணக்கு இருக்கிறது. ஒரு பெட்டைக்கும் கடுவனுக்கும் இரண்டு தரம் துளி மருந்து போட்டிருந்தேன். ஆகவே எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பால் கொடுக்கிற பெட்டைக்கு மருந்தே போடவில்லை, சீப்பு மட்டும்தான். அதுவும் மற்றவையோடு சேர்ந்துதான் சுத்தமானது. அதை வைத்துத்தான் இவ்வளவு துணிவாகப் பேசுகிறேன். ஒரு முயல், ஒரு பருவம். அதற்கு மேல் பெரிதாக எடுக்காதீர்கள்.

சீப்போடு நேரம் கடத்தக் கூடாத வேளையும் உண்டு. முயலின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு வெளிறி, முயல் சோர்ந்து ஒதுங்கி இருந்தால் இரத்தம் குறைகிறது என்று அர்த்தம், குட்டிகளில் இது வேகமாக நடக்கும். அப்போது முதல் வேலை டொக்டர்தான், மண்வெட்டி பிறகு. முப்பது நாற்பது முயல் இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் தினம் சீவிக்கொண்டிருக்க முடியுமா என்றும் எனக்குத் தெரியாது. மூன்றுக்கே கை வலித்தது. நீட்டு மயிர் முயலைச் சீவிய அனுபவமும் இல்லை.

இன்னொன்று. நான் சொன்னது எல்லாம் காய்ந்த மண்ணின் கதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவு முழுக்க ஊறிக் கிடக்கும்போது மண்ணை எந்த வெயிலில் பரப்புவது? அப்போது துளி மருந்துப் பக்கம் நான் கொஞ்சம் சாயக்கூடும்.

சீசருக்கு இப்போது கூட்டடி இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, குழாய் ஒழுகிற இடத்தில், புதுக் குழி தோண்டியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அதைக் கொத்த வேண்டும்.