வெஸ்டர்லி என்ற ஊரும் என் டி-25உம்: கில்ட் கிட்டாருடன் இருபது ஆண்டுகள்

2004ஆம் ஆண்டு, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள் வேலையாக வந்து சேர்ந்த சில மாதங்களில், பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் 600 டாலர் கொடுத்து ஒரு கில்ட் டி-25 வாங்கினேன். அது 1978இல் செய்யப்பட்ட கிட்டார். ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை தேன் நிறத்துக்கு முற்றியிருந்தது. முன்பு வைத்திருந்தவரின் முழங்கை படிந்த இடத்தில் லாக்கர் பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. விலையைச் சொல்வதற்கு முன்பே கடைக்காரர், “இது வெஸ்டர்லியில் செய்தது” என்றார். காஞ்சிப் பட்டு என்று சொல்வதைப்போல அவர் ஊரைத்தான் முதலில் சொன்னார் என்பது அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால், அந்த ஊர்ப் பெயருக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டி-25இன் பின்பலகை மஹோகனியை அடுக்கடுக்காக ஒட்டி, அச்சில் அழுத்தி, வெளிப்புறமாக வளைத்துச் செய்தது. ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிக்கும் கிட்டார் பிரியர்கள் உண்டு. நானும் தொடக்கத்தில் சுளித்தேன். பழுது பார்ப்பவர் ஒருவர் ஒலித்துளைக்குள் சிறிய கண்ணாடியையும் விளக்கையும் நுழைத்து உட்புறத்தைக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. மற்றக் கிட்டார்களில் பின்பலகையைத் தாங்குவதற்கென்று குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டங்கள் இதில் ஒன்றுகூட இல்லை. வளைவே பலகைக்கு வலுவைக் கொடுப்பதால் சட்டம் தேவைப்படவில்லை. எடை சற்று அதிகம்தான். ஆனால், ஜி கார்டை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) பிடித்து ஒரே வீச்சில் மீட்டினால் ஒலி அறையின் மறுகோடிவரை சிதறாமல் போய்ச் சேரும். கீழ்க் கம்பிகள் குழறுவதில்லை. விரல்களால் மெல்லப் பறித்து வாசிப்பவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடிக்கொண்டே கார்டு வாசிப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான துணையை நான் கண்டதில்லை.

இந்த இருபது ஆண்டுகளில் ஒரு முறை கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளில் முதல் ஐந்தையும், பிறகு ஒரு முறை எல்லா ஃபிரெட்டுகளையும் மாற்றினேன்; கம்பிகள் அமரும் சிறு துண்டான சேடிலை எலும்பில் செய்து பொருத்தினேன். பெரிய சேதம் ஒன்று நேர்ந்தது, அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. ஒரு பிப்ரவரி மாதம், வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்த அறையில் கிட்டாரைப் பெட்டியில் வைக்காமல் மூன்று வாரம் சுவரோரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே சிறு மரத்துண்டுகளை வைத்து ஒட்டிச் சரிசெய்தார்கள். அன்று முதல் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இனி கில்ட் நிறுவனம் கைமாறிய கதைக்கு வருகிறேன். கில்ட் 1952இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இசைக்கருவிக் கடை நடத்திய ஆல்ஃபிரட் டிராஞ்ச். உடன் இருந்தவர் எபிஃபோன் கிட்டார் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் மான். எபிஃபோனில் அந்த நாட்களில் வேலைநிறுத்தம் நடந்தது, தொழிற்சாலை ஃபிலடெல்ஃபியாவுக்குப் பெயர்ந்தது. நியூயார்க்கை விட்டுப் போக மனமில்லாத கைவினைஞர்கள் சிலர் கில்டுக்கு வந்தார்கள். கைவினைஞர் குழாம் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய நிறுவனம் அப்படிப்பட்டவர்களைக் கொண்டே தொடங்கியது எனக்கு இன்றும் பிடித்த செய்தி. 1956இல் பட்டறை நியூ ஜெர்சியின் ஹோபோக்கனுக்குச் சென்றது. 1966இல் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ஆவ்நெட் என்ற நிறுவனம் கில்டை வாங்கியது. அதன் பிறகு உற்பத்தி படிப்படியாக ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்டர்லிக்குப் போனது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்த பாடகர் ரிச்சி ஹேவன்ஸின் கையில் இருந்தது கில்ட் டி-40. 1972இல் டிராஞ்ச் விமான விபத்தில் இறந்தார்.

இங்கே என் 1978ஆம் ஆண்டுக் கிட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுவனர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, உதிரிபாக வியாபார நிறுவனம் ஒன்றின் கீழ் செய்யப்பட்ட கருவி அது. ‘பழைய கில்ட் போல வருமா’ என்று நாங்கள் பெருமூச்சு விடும் பழைய கில்டுகளில் பெரும்பாலானவை கைமாறிய பிறகு பிறந்தவை. 1986இல் ஒரு நிர்வாகக் குழுவும், 1989இல் விஸ்கான்சினைச் சேர்ந்த நிறுவனமும், 1995இல் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரும் அடுத்தடுத்து வாங்கின. இத்தனை கைமாற்றங்களிலும் பட்டறை வெஸ்டர்லியிலேயே இருந்தது, வாடிக்கையாளர்களும் உடன் இருந்தார்கள். முதலாளி யார் என்பதை வாசிப்பவர்களில் பலர் கவனித்ததாகவே தெரியவில்லை. விசுவாசத்தில் விரிசல் விழுந்தது 2001இல் ஃபெண்டர் வெஸ்டர்லி ஆலையை மூடியபோதுதான். அதன்பின் உற்பத்தி கலிஃபோர்னியாவின் கரோனாவுக்கும், அங்கிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவுக்கும், 2008இல் கனெக்டிகட்டின் நியூ ஹார்ட்ஃபோர்டுக்கும் நகர்ந்தது. உரிமையாளர் ஒருவரே, ஊர்கள்தாம் மாறிக்கொண்டிருந்தன. விலைகொடுத்து வாங்குபவர்கள் அந்தக் காலத்தில்தான் ஊர்ப் பெயரைக் கேட்டுக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

1833 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் மார்ட்டின் கிட்டார் நிறுவனத்தை வைத்துக்கொண்டு எல்லா நிறுவனங்களையும் அளப்பது நியாயமாகாது. இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்ஸன் 1984இல் மிச்சிகனின் கலாமசூ ஆலையை மூடியபோது, அங்கேயே தங்கிவிட்ட பணியாளர்கள் அதே கட்டடத்தில் 1985இல் ஹெரிடேஜ் என்ற புதிய பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். பெயர் ஓரிடத்துக்கும் கைகள் ஓரிடத்துக்கும் பிரிந்து போனால் வாடிக்கையாளர் எதன் பின்னால் போவது என்ற கேள்விக்கு அங்கேயும் இன்றுவரை இரு கட்சிகள் உண்டு.

நியூ ஹார்ட்ஃபோர்டு என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கே செய்த கில்டுகளை நண்பர்களின் வீடுகளில் பலமுறை வாசித்திருக்கிறேன். வேலைப்பாட்டில் வெஸ்டர்லிக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன். இதைச் சொன்னால் வெஸ்டர்லி பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த ஆலையும் 2014இல் மூடப்பட்டது. கோர்டோபா என்ற கிட்டார் நிறுவனம் கில்டை வாங்கி, கருவிகளையும் அச்சுகளையும் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டுக்குக் கொண்டுபோனது. கிப்ஸனின் மொண்டானா ஆலையில் பேர்பெற்ற ரென் ஃபெர்குசன் நியூ ஹார்ட்ஃபோர்டில் கில்டுக்காக வேலை செய்தவர். அவரே ஆக்ஸ்னார்டு பட்டறையையும் அமைக்க முன்நின்றார் என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு ஓரளவு நம்பிக்கை தந்தது.

அந்த நம்பிக்கையில் 2019இல் ஆக்ஸ்னார்டில் செய்த டி-40 ஒன்றை வாங்கினேன். டி-25ஐவிட எடை குறைவு, தொட்டவுடன் பேசுகிறது, மெல்ல வாசித்தாலும் ஒலி முழுமையாக வருகிறது. பின்பலகை வளைவில்லாத மஹோகனி என்பதால் ஒலியின் குணம் வேறு. இரண்டையும் தட்டில் வைத்து நிறுப்பதில் பொருளில்லை. ஒப்பிடத் தகுந்தது செய்நேர்த்திதான். ஃபிரெட் முனைகளை உள்ளங்கையால் வருடிப் பார்த்தேன், ஓரிடத்திலும் உறுத்தவில்லை. கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் வெட்டிய பள்ளங்களைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஐந்து குளிர்காலங்கள் கழித்தும் ஃபிரெட்டுகளுக்கு மேல் கம்பிகள் நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் வாங்கிய நாளில் இருந்தபடியே நிற்கிறது.

எனக்குக் குறை ஒன்று உண்டு. அது பெயர் சூட்டுவதைப் பற்றியது. கில்ட் பெயரில் சீனாவில் செய்யப்படும் கிட்டார் வரிசைக்கு ‘வெஸ்டர்லி கலெக்‌ஷன்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஹோபோக்கனில் ஆலை இருந்த தெருவின் நினைவாக மின்கிட்டார் வரிசைக்கு ‘நியூவார்க் ஸ்ட்ரீட்’ என்று ஃபெண்டர் காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், ‘வெஸ்டர்லி கில்ட், பன்னிரண்டு கம்பி’ என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். விற்றவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தம்மிடம் இருப்பது ரோட் ஐலண்டில் செய்தது என்றே மனமார நம்பிக்கொண்டிருந்தார். ஒலித்துளையின் சீட்டில் சீனா என்று இருந்ததை அவருக்கு நான்தான் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தேன். கேட்ட விலைக்கு மிக நல்ல கருவி. வேறு பெயரில் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டே வந்திருப்பேன். நல்ல கிட்டாருக்கு மூடிய ஆலையின் பெயர் எதற்கு என்று திரும்பி வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

2023இல் கோர்டோபா குழுமத்தை யமஹா வாங்கியது. செய்தி வந்த வாரம் தெரிந்தவர்கள் பலர் என்னிடம் டி-40ஐ விற்றுவிடலாமா, விலை ஏறும்வரை வைத்திருக்கலாமா என்று கேட்டார்கள். உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, பட்டறை இடம் மாறுகிறதா, அங்கே வேலை செய்பவர்கள் நீடிக்கிறார்களா என்பதைக் கவனிக்கச் சொன்னேன். நான் இரண்டையுமே விற்கவில்லை. டி-25க்கு இந்தக் கோடையில் மீண்டும் ஃபிரெட் வேலை இருக்கிறது. கடைக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய், அங்கே மாட்டியிருக்கும் புதிய கில்டுகளையும் இறக்கிப் பார்ப்பேன். கார்டு பிடிப்பதற்கு முன் ஒலித்துளைக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.