படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயும் ‘ஜவ்வு கிழிசல்’ என்ற ஒரு வரியும்: முழங்கால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

58 வயதுப் பெண் ஒருவரின் முழங்காலுக்கு நடந்ததை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறோம். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. இந்த வரிசை எந்த ஊரிலும் யாருக்கும் நடக்கக்கூடியது.

வலது முழங்காலின் உள்பக்கம் வலி, படி இறங்கும்போது அதிகம். அடிபடவும் இல்லை, கால் முறுக்கிக்கொள்ளவும் இல்லை. முதலில் மேசையில் படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு இடைவெளி நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு எம்ஆர்ஐ. அதில் ‘உள்பக்கப் பிறை ஜவ்வின் பின்பகுதியில் தேய்மானக் கிழிசல்’ என்று இருந்தது. பிறை ஜவ்வு (மெனிஸ்கஸ்) என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் பிறை வடிவத் திசு. துளை போட்டுக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தால் வலி போய்விடும் என்று சொல்லி, பத்தாவது நாளே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

முதல் தவறு அந்த எக்ஸ்ரே. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்கிறோம். படுத்திருக்கும்போது உடல் எடை மூட்டின் மேல் இறங்காததால், தேய்ந்த மூட்டுகூட நல்ல இடைவெளியோடு தெரியும். நிற்க வைத்து, இரண்டு முழங்காலும் ஒரே படத்தில் வரும்படி எடுக்க வேண்டும். முழங்காலைச் சுமார் 45 டிகிரி மடக்கி நிற்க வைத்துப் பின்னாலிருந்து எடுக்கும் படம் இன்னும் நல்லது. தேய்மானம் பல நேரம் தொடை எலும்பு முனையின் பின்பக்கத்தில் தொடங்குகிறது, நேராக நின்றால் அந்த இடத்தில் இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று தொடுவதே இல்லை. கதிர்வீச்சை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு முழங்கால் படத்தில் கிடைப்பது, ஏறக்குறைய ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படும் அளவுதான். இவருக்கு நின்ற நிலைப் படம் எடுத்தபோது உள்பக்க இடைவெளி பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் அந்தப் படம் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் கழித்து எடுக்கப்பட்டது.

இரண்டாவது தவறு, எம்ஆர்ஐயில் தெரிந்த கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டியது. அமெரிக்காவில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ பிடிப்போ எதுவுமே இருந்ததில்லை. 2013இல் பின்லாந்தில், தேய்மானக் கிழிசல் இருந்த, ஆனால் மூட்டுத் தேய்மானம் இல்லாத 146 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான ஆபரேஷனும் மீதிப் பேருக்கு ஜவ்வை வெட்டாமல், வெட்டியதுபோல் காட்டும் பாவனை ஆபரேஷனும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதனால் ஜவ்வு ஆபரேஷனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இளவயதில் விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்தாலோ, கிழிந்த துண்டு நடுவில் சிக்கி முழங்காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, எலும்போடு ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதி அறுந்தாலோ கணக்கு வேறு. நடுவயதுக்கு மேல், அடிபடாமல் வந்த கிழிசலுக்கு முதலில் சில மாதம் தசைப் பயிற்சி செய்து பார்ப்பதுதான் முறை.

அதே எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் நான்காவது வரியாக, தொடை எலும்பின் உள்முனையில் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு என்று எழுதியிருந்தது. அந்த எலும்பு சுமை தாங்க முடியாமல் திணறுகிறது என்பதற்கான அடையாளம் அது. அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. படித்தபோது எங்களுக்கு மிகவும் வேதனையாக இருந்தது இந்த இடம்தான்.

ஆபரேஷன் ஆன ஐந்தாவது வாரம் திடீரென்று குத்தும் வலி. காலை ஊன்றவே முடியவில்லை, இரவிலும் வலி. திரும்பவும் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, நார்மல் என்று சொல்லி, உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கூட்டச் சொன்னார்கள். ஜவ்வின் ஒரு பகுதியை வெட்டிய பிறகு எடை முழுவதும் சின்ன இடத்தில் இறங்குகிறது. பலம் குறைந்த எலும்பாக இருந்தால், குருத்தெலும்புக்கு அடியில் மெல்லிய விரிசல் விடும். முதல் சில வாரங்களுக்கு இது எக்ஸ்ரேயில் தெரியாது. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில், வெளுத்த நீர்க்கோப்புக்கு நடுவே கறுத்த மெல்லிய கோடாகத் தெரியும். 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த சக்தியின் அளவு) மெஷினில் எடுப்பது நல்லது. காந்த சக்தி குறைந்த திறந்த வகை மெஷினில் இந்தக் கோடு தப்பிவிடலாம். அப்போதே பிடித்திருந்தால் ஊன்றுகோலோடு பல வாரம் எடை போடாமல் இருக்கச் சொல்லி, வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் பார்த்திருப்பார்கள். இவரோ அந்த விரிசலின் மேலேயே மூன்று மாதம் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். இரண்டாவது எம்ஆர்ஐயில் எலும்பு முனை அமுங்கித் தட்டையாகியிருந்தது. இப்போது மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு ‘படம் நார்மல்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிற மற்றவர்களுக்கும் சில விஷயங்கள். ஊசி போட்ட பிறகோ ஆபரேஷனுக்குப் பிறகோ மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பாக. கிருமித் தொற்று இருந்தும் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். மாற்று மூட்டு தளர்ந்திருக்கிறதா என்பதை ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்து, எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில், மூட்டு மாற்றிய முதல் வருடத்தில், சிலருக்கு அதற்குப் பிறகும், அந்த இடம் சாதாரணமாகவே ஒளிரும். அதை மட்டும் காட்டித் தளர்வு என்று சொன்னால் ஏற்காதீர்கள். இன்னொன்று: முழங்கால் வலிக்கு இடுப்பு மூட்டு காரணமாக இருப்பது உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குத் தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகலாம். முழங்கால் ஸ்கேனில் அது வரவே வராது. காலை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சந்தேகம் வந்துவிடும்.

இந்தப் பெண்ணின் கையில் முதல் எம்ஆர்ஐயின் இரண்டு ஃபிலிம் மட்டும்தான் இருக்கின்றன. எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் தேர்ந்தெடுத்து அச்சிட்ட சில மட்டுமே அதில் இருக்கும். கேட்கப் போனபோது ஸ்கேன் மையத்தில் முழுத் தொகுப்பும் அழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கறுத்த கோடு ஆபரேஷனுக்கு முன்பே இருந்ததா என்று இப்போது பார்க்க வழியில்லை. ஸ்கேன் முடிந்த அன்றே எல்லாப் படங்களையும் டைகாம் (DICOM, மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் சீடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.