விலை இறங்கிய ஏபிசி கிற்: ஈரலுக்கு வாங்கலாமா?

இழையத்தில் தேடும் புரதத்தைப் பிறபொருளெதிரியால் பிடித்து மண்ணிறமாகக் காட்டும் ஏபிசி (அவிடின்-பயோற்றின்) கிற் விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தோல், நிணநீர்க்கணு என்றால் தாராளமாக வாங்குங்கள். பலவீனமான பிறபொருளெதிரியைக்கூட வடிவாக எடுத்துக் காட்டும். ஈரலும் சிறுநீரகமும் வந்தால்தான் தலையிடி.

அந்த இரண்டு இழையத்திலும் இயல்பாகவே பயோற்றின் என்ற விற்றமின் அதிகம். பரபின் வெட்டுகளை (மெழுகில் பதித்து மெல்லியதாக வெட்டிய இழையம்), மறைந்த புரதத்தை வெளிக்கொணரப் பிஎச் 6.0 சித்திரேற்றில் சூடாக்கியதும் அதுவும் வெளிப்படும். கிற்றின் அவிடின் பயோற்றினை இறுகப் பிடிக்கும் புரதம், நேரே அதில் போய் ஒட்டும். கலமெங்கும் மண்ணிறப் பொட்டு. முதலாம் பிறபொருளெதிரி (தேடும் புரதத்தில் நேரே ஒட்டுவது) விடாத சிலைட்டிலும் அதே நிறம் என்றால், அந்தப் பிறபொருளெதிரியை மேலும் ஐதாக்கிப் பார்ப்பது விழலுக்கு இறைப்பதுதான். இன்னும் இரண்டு சிலைட் போடுங்கள். டிஏபி (மண்ணிறம் தரும் பொருள்) மட்டும் விட்டதில் செங்கலங்கள் மண்ணிறமானால், டிஏபியை நிறமாக்கும் அவற்றின் சொந்தப் பெரொக்சிடேசு அடங்கவில்லை. 3% ஐதரசன் பேரொட்சைட்டில் 10 நிமிடம் வையுங்கள், பழைய போத்தல் வேண்டாம். அது சுத்தமாக இருக்க, ஏபிசியும் டிஏபியும் விட்டது மட்டும் நிறம் பிடித்தால் பயோற்றின்தான்.

இழையத்தின் பயோற்றினை மறைக்கும் தடுப்புக் கரைசலைத் தனியாக விற்கிறார்கள், அதற்கும் ஒரு விலை. முட்டை வெள்ளைக்கருவில் அவிடின் இருக்கிறது: இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை 200 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, சூடாக்கல் முடிந்தபின் சிலைட்டை அதில் 15 நிமிடம் வையுங்கள். கழுவி, 5% கொழுப்பு நீக்கிய பால்மாக் கரைசலில் இன்னொரு 15 நிமிடம். பாலின் பயோற்றின் மிச்ச அவிடினை நிரப்பிவிடும். பிறகு வடிவாகக் கழுவுங்கள். ஏபிசி விடும் கட்டத்தில் பால் மிச்சமிருந்தால் உண்மையான நிறமும் போய்விடும். (ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டை ஏன் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.)

கையேட்டின் 'அறை வெப்பநிலை' 20–25 பாகை. யாழ்ப்பாணத்து மத்தியானத்தில் மூடாத சிலைட்டின் ஓரம் காய்ந்து, ஓரம் மட்டும் கறுக்கும். முதலாம் பிறபொருளெதிரி விட்ட சிலைட்டை ஈரப்பெட்டியில் 4 பாகையில் இரவு முழுக்க வைப்பதே நல்லது. கழுவும் தாங்கற் கரைசலுக்கு, 0.05% ருவீன்-20 (ஒரு வகைச் சவர்க்காரப் பொருள்) சேர்த்தாலும், கிணற்றுத் தண்ணீர் கூடாது. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் எவ்வளவு வன்மை என்று கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவும் செய்தால் ஈரலும் சுத்தமாகத்தான் வரும். ஆனாலும் ஈரலுக்கு இதை இனி வாங்கமாட்டேன், பாதி விலைக்குத் தந்தாலும். பயோற்றினே இல்லாத பொலிமர் கிற் விலை கூடத்தான். முட்டை உடைக்கத் தேவையில்லை.