மிகுபுனைவுத் தொடர்களும் ஆறு அங்குலத் திரையும்

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் தொடரை வாசிக்கத் தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், 14 தொகுதிகளையும் அச்சில் வாங்குவதா, மின்னூல் வாசிப்புக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வதா என்று கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக நான் இத்தகைய தொடர்களை காகிதம்போலத் தோன்றும் ஆறு அங்குல இ-இங்க் (மின்மை) திரைகொண்ட கருவியில்தான் வாசித்து வருகிறேன்.

எடை குறைவு, கண்ணுக்கு இதம் என்பவை எல்லோரும் அறிந்தவை. நான் சற்றும் எதிர்பாராத மகிழ்ச்சி அடிக்குறிப்புகளால் கிடைத்தது. சுசானா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்’ (2004) நாவலில் ஏறக்குறைய 200 அடிக்குறிப்புகள் உண்டு. அவற்றுள் சில தனிக்கதைகளாகவே நீள்கின்றன. அச்சுப் பிரதியில் பொடி எழுத்தில் பக்கம் தாண்டி ஓடும் அவற்றை, கருவியில் எண்ணைத் தொட்டதும் விரியும் சிறு பெட்டியில் நிதானமாகப் படித்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்பிவிடலாம். அந்த நாவலை ரசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வரைபடம் என்று வந்துவிட்டால் என் பொறுமை போய்விடுகிறது. ஜோர்டனின் முதல் தொகுதியில், ஷாதார் லோகோத் என்ற பாழ்நகரத்திலிருந்து தப்பி ஓடும் கூட்டம் மூன்றாகப் பிரிகிறது: சிலர் படகேறி ஆற்றின் போக்கில் செல்கிறார்கள், இருவர் காட்டுவழியே நடக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களைத் தேடிப் புறப்படுகிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், வெண்பாலம் (ஒயிட்பிரிட்ஜ்) என்ற ஊருக்கு யார் முதலில் போய்ச் சேரக்கூடும் என்று பார்க்க வரைபடத்தைத் தேடினால், மின்னூல் திறந்ததுமே நேராகக் கதையில் கொண்டுபோய் நிறுத்துவதால், அட்டைவரை பின்னோக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்தாலும் ஊர்ப்பெயர்கள் எறும்பு ஊர்ந்த தடம்போலத் தெரிகின்றன. பெரிதாக்கி விரலால் நகர்த்தினால் திரை ஒருமுறை இருண்டு வெளுத்து, முந்தைய உருவத்தின் நிழலை விட்டுச் செல்கிறது. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்புலத்தில் இடம்பெயர்வதால்தான் இத்திரையில் உருவம் தோன்றுகிறது. பக்கம் புரட்ட அந்த வேகம் போதும், படத்தை நகர்த்திப் பார்க்கப் போதாது.

பழி முழுவதையும் கருவியின்மீது போடுவது நியாயமாகாது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட திரையில் தெளிவான கோட்டோவியம் நன்றாகவே தெரியும். இரு பக்கங்களில் விரியும் வரைபடத்தை நடுவில் வெட்டி, இரண்டு மங்கலான படங்களாக நூலுக்குள் செருகிவிடுபவர்கள் பதிப்பகத்தார். ஆறு ஒரு படத்தில் தொடங்கி இன்னொரு படத்தில் முடிந்தால் வாசகர் என்ன செய்வார்?

இது அலங்காரத்தைப் பற்றிய புகார் அன்று. தாம் வரைபடத்திலிருந்து தொடங்கி, கதையை அதற்குப் பொருத்தியதாக ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1954-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். உர்சுலா லெ குவினும் தம் மிகுபுனைவுக் கதைகளின் உலகமான எர்த்ஸீயின் தீவுகளை முதலில் வரைந்துகொண்டுதான் கதைக்குள் போனார். எழுத்தாளர் எந்தத் தாளைப் பார்த்து எழுதினாரோ, அதே தாளை வாசகரிடமிருந்து பறித்துவிட்டு நூலை மட்டும் தருவது எப்படி முறையாகும்?

ஆகவே நண்பருக்கு என் பதில்: அடிக்குறிப்புகளுக்காக இந்தக் கருவியை நான் எவ்வளவு புகழ்ந்தாலும், இந்தத் தொடருக்காக அதை வாங்க வேண்டாம். கருவி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள், முதல் தொகுதியை மட்டுமாவது அச்சில் வாங்கி, வரைபடப் பக்கத்தைத் திறந்தபடி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த தொகுதிகளுக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.